சிப் பெயரைப் பார்த்து டாங்கிள் வாங்கலாமா?

யூஎஸ்பி ஹெட்போன் டாங்கிள் பற்றிய விமர்சனம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்க. முதல் பத்தியிலேயே சிப் பெயர் வந்துவிடும். ஈஎஸ்எஸ் சிப்பா, சத்தம் கூர்மையா இருக்கும். ஏகேஎம் சிப்பா, வெல்வெட் மாதிரி மென்மையா இருக்கும். சிரஸ் லாஜிக்கா, நடுநிலையா இருக்கும். ஊர்ப் பேரைக் கேட்டதுமே ஆளோட குணத்தைச் சொல்லிவிடும் பழக்கம்தான் இது. ஆளைப் பார்த்துப் பேசிப் பழகுவதை விட இது சுலபம், அதனால்தான் நிலைத்து நிற்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: டாங்கிள் பெட்டியில் அச்சடித்திருக்கும் விவரங்களிலேயே வாங்குபவருக்கு மிகக் குறைவாக உதவுவது சிப் பெயர். சிப்புகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. வித்தியாசம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. காதுக்கு எட்டும் வித்தியாசங்கள் சிப்புக்கு வெளியே இருக்கின்றன, அதைப் பற்றி விமர்சனங்கள் பேசுவது குறைவு.

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதணும்? எங்க ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகிற பசங்களிடம் இந்த ஆர்வம் நன்றாகப் பரவியிருக்கு. "அண்ணா, 43131 வாங்கவா, 43198 வாங்கவா?" என்று கேட்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கு. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், கேள்வியே தப்பு என்பதுதான். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

டாங்கிளுக்குள் என்ன இருக்கு?

2016 செப்டம்பரில் வந்த ஐபோன் 7-ல் ஹெட்போன் ஓட்டை போனது. மற்ற போன்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதுவரை போனுக்குள் இருந்த வேலை வெளியே ஒரு சின்ன வாலுக்கு வந்தது. அந்த வாலுக்குள் நாலு வேலைகள் நடக்கின்றன.

முதலில், யூஎஸ்பி வழியாக வரும் எண்களை வாங்கிக்கொள்ளும் பாலச் சிப். ரெண்டாவது, எண்களை மின்னழுத்தமாக மாற்றும் டாக். மூணாவது, அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்போனைத் தள்ளும் அளவு பலம் கொடுக்கும் ஆம்ப். நாலாவது, போனிலிருந்து வரும் 5 வோல்ட்டைச் சுத்தம் பண்ணித் தரும் மின்வழங்கல் பகுதியும், கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலும்.

பெட்டியில் பேர் வாங்குவது ரெண்டாவது ஆள் மட்டும்தான். மற்ற மூணு பேரும் கூத்துக்குப் பின்பாட்டு பாடுகிறவர்கள் மாதிரி. அவர்கள் இல்லாமல் கூத்து நடக்காது, ஆனால் நோட்டீஸில் பேர் கிடையாது.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. சில சிப்புகள் ஒரு வேலை மட்டும் பார்க்கும், சில மூணு வேலையும் சேர்த்துப் பார்க்கும். ஈஎஸ்எஸ்ஸின் ஈஎஸ்9281 ஒரே சிப்பில் யூஎஸ்பி, டாக், ஆம்ப் மூன்றும் சேர்ந்தது. அதே ஈஎஸ்எஸ்ஸின் ஈஎஸ்9038கியூ2எம்-ல் ஆம்ப் கிடையாது. வெளியே தனியாக ஆப்-ஆம்ப் வைத்தே ஆகணும். சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்43131-ல் டாக்கும் ஹெட்போன் ஆம்பும் இருக்கும், யூஎஸ்பி இருக்காது. விலை குறைந்த டாங்கிள்களில் அதிகம் பார்க்கும் சிஎக்ஸ்31993 கிட்டத்தட்ட எல்லாமே உள்ளடக்கியது, மைக் வசதியோடு. இந்த நாலையும் ஒரே அட்டவணையில் வரிசையாகப் போட்டு "எது பெஸ்ட்?" என்று கேட்பது, எஞ்சினையும் முழு வண்டியையும் ஒன்றாக நிறுத்தி மைலேஜ் ஒப்பிடுவது போல.

ஒரே சிப், வேறு வேறு டாங்கிள்

அந்தப் பசங்க கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். சிஎஸ்43131, சிஎஸ்43198 ரெண்டும் அண்ணன் தம்பி. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் ரெண்டுக்கும் ஒரே டைனமிக் ரேஞ்ச்: 130 டெசிபல். ஒரே விலகல் அளவு: மைனஸ் 115 டெசிபல். பெரிய வித்தியாசம் ஒன்றுதான். 43131-ல் ஹெட்போன் ஆம்ப் உள்ளேயே இருக்கு, 43198-ல் இல்லை. ஆக, 43198 போட்ட டாங்கிளின் குணத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பின்னால் வைத்திருக்கும் ஆம்ப். பெட்டியில் அதன் பேர் பெரும்பாலும் இருக்காது.

இப்போ 43131-ஐ மட்டும் எடுங்க. அதன் உள் ஆம்ப் 32 ஓம் சுமைக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 மில்லிவாட் தரும் என்கிறது தரவுத்தாள். ஃபியோ கேஏ11-லும் இதே 43131தான். ஆனால் அந்த நிறுவனம் 32 ஓமில் 200 மில்லிவாட் வரை கிடைக்கும் என்கிறது. இது சிப் கொடுத்ததல்ல. வெளியே தனி ஆம்ப் வைத்தால்தான் அந்த அளவு வரும். மூன்டிராப் டான் புரோ வேறு வழியில் போகிறது: ரெண்டு 43131 வைத்து, 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஓட்டையில் 4 வோல்ட் தருகிறது, சாதாரண 3.5-ல் 2 வோல்ட்.

சிப் பேர் ஒன்றே. பலத்தில் ஆறேழு மடங்கு வித்தியாசம். "43131 சத்தம் இப்படி இருக்கும்" என்று எழுதுகிறவர் இதில் எந்த 43131-ஐப் பற்றிப் பேசுகிறார்?

"டூயல் சிப்" என்ற பெருமையையும் இங்கேயே பார்த்துவிடலாம். ரெண்டு சிப்பை ஒரே சிக்னலுக்கு இணையாகப் போட்டால் இரைச்சலில் 3 டெசிபல் லாபம். பேலன்ஸ்டு அமைப்பில் மின்னழுத்தம் இரட்டிப்பாகும். கிடைப்பது அவ்ளோதான். ரெண்டு சமையல்காரர் இருந்தால் சாம்பார் ரெண்டு மடங்கு ருசியாகிவிடாது.

வேறு சிப், ஒரே விடை

எதிர்ப்பக்கச் சோதனை ஒன்றை விபத்தே நடத்திக் காட்டியது. 2020 அக்டோபர் 20-ம் தேதி ஜப்பானின் நோபியோகா நகரில் ஏகேஎம்-இன் சிப் ஆலை தீப்பற்றியது. மூன்று நாளுக்கு மேல் எரிந்தது. ஆடியோ உலகில் ஏகேஎம் சிப்பை நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பல நிறுவனங்கள் பலகையை மறுபடி வரைந்து ஈஎஸ்எஸ்ஸுக்கோ சிரஸுக்கோ மாறின.

மேசை மேல் வைக்கும் டாக்குகளில் இது தெளிவாகத் தெரிந்தது. டாப்பிங் டி90 ஏகே4499 சிப்போடு வந்தது. தீ விபத்துக்குப் பிறகு 2021-ல் வந்த டி90எஸ்இ-யில் ஈஎஸ்9038 புரோ. "மென்மை"யான குடும்பத்திலிருந்து "கூர்மை"யான குடும்பத்துக்கு மாறியாச்சு. ஆனால் அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தவர்களின் கணக்கில், விலகலும் இரைச்சலும் சேர்ந்த அளவு ரெண்டிலுமே 120 டெசிபலுக்கும் கீழே இருந்தது. வெல்வெட்டும் கூர்மையும் எங்கே போச்சு?

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். ஈஎஸ்எஸ் சிப்புகளில் உண்மையாகவே ஒரு குறை அளவில் தென்பட்டது. நடுத்தர ஒலியளவில் இடைக்கலப்பு விலகல் கொஞ்சம் மேடு கட்டும். அளவு எடுப்பவர்கள் இதை "ஈஎஸ்எஸ் மேடு" என்றே அழைத்தார்கள். சிப்புக்கென்று ஒரு கைரேகை இருக்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதே சிப்பை வைத்துக்கொண்டே, பின்னால் வரும் ஆப்-ஆம்ப் பகுதியைத் திருத்தி அந்த மேட்டைச் சமன்படுத்திய தயாரிப்புகளும் வந்தன. ஆக, சிப்பின் குறையைக்கூட மறைப்பதும் காட்டுவதும் சுற்றியிருக்கும் வடிவமைப்பே.

130 டெசிபல் யாருக்கு?

இந்த எண்ணைக் காதுக்கு இறக்கிப் பார்ப்போம். 2 வோல்ட் முழு அளவு, 130 டெசிபல் ரேஞ்ச் என்றால் மிச்சம் இரைச்சல் சுமார் 0.6 மைக்ரோவோல்ட். 120 டெசிபல் என்றால் 2 மைக்ரோவோல்ட். ரொம்ப உணர்திறன் உள்ள இயர்போன் ஒன்று, 1 வோல்ட்டுக்கு 125 டெசிபல் சத்தம் தரும் என்று வைப்போம். 2 மைக்ரோவோல்ட் இரைச்சல் அதில் சுமார் 11 டெசிபல் சத்தமாகும். 0.6 மைக்ரோவோல்ட் சுமார் 1 டெசிபல். ராத்திரி மின்விசிறியை நிறுத்திய அமைதியான அறையே 30 டெசிபல் பக்கம் இருக்கும். ரெண்டுமே அதற்கு அடியில் புதைந்து போகும்.

இதே கணக்கை 1 வோல்ட், 100 டெசிபல் ரேஞ்ச் உள்ள சாதாரண டாங்கிளுக்குப் போட்டால் 10 மைக்ரோவோல்ட், அதாவது 25 டெசிபல். இப்படிப்பட்ட இயர்போனில், பாட்டுக்கு இடையே, அமைதியான ராத்திரியில், கூர்ந்து கவனிக்கும் ஒருவருக்கு லேசான "ஸ்" கேட்கலாம். ஆக எல்லை இங்கே எங்கேயோ இருக்கு. 100-ஐத் தாண்டி 110-க்குப் போவதில் அர்த்தம் உண்டு. 120-லிருந்து 130-க்குப் போவது விளம்பரத் துறையின் சந்தோஷம்.

அதுவும் வீட்டில். சூளூர்பேட்டை - சென்னை யூனிட் வண்டியில், ஜன்னல் திறந்து, எளாவூர் தாண்டும்போது கேட்டீங்கன்னா, எந்தச் சிப்பின் கடைசி 30 டெசிபலும் தண்டவாளத்துக்குத்தான் போகும். அங்கே உங்களுக்கு உதவுவது காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை.

காதுக்குக் கேட்கும் விஷயங்கள்

கேட்கும் வித்தியாசங்களில் முதலாவது வெளியீட்டு மின்தடை. பல டிரைவர் கொண்ட இயர்போன்களின் மின்தடை அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ஒரு இடத்தில் 8 ஓம், இன்னொரு இடத்தில் 80 ஓம் என்று வைப்போம். டாங்கிளின் மின்தடை 10 ஓமாக இருந்தால், முதல் இடத்தில் 7 டெசிபல் இழப்பு, ரெண்டாவது இடத்தில் 1 டெசிபல் இழப்பு. அதாவது 6 டெசிபல் சாய்வு. டோன் கன்ட்ரோலைத் திருகியது போலவே இருக்கும், யாருக்கும் கேட்கும். டாங்கிளின் மின்தடை 1 ஓம் என்றால் அந்தச் சாய்வு 1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். "இந்தச் சிப் கொஞ்சம் வார்ம்" என்று எழுதப்பட்ட விமர்சனங்களில் எத்தனை உண்மையில் இந்த ஓம் கணக்கோ தெரியாது, ஏன்னா அவர்கள் அதை அளக்கவே இல்லை.

இதை நீங்களே அளக்கலாம், செலவு ஒரு மல்டிமீட்டரும் ஒரு 33 ஓம் ரெசிஸ்டரும். 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு ஏசி வோல்ட் பாருங்க. பிறகு ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து மறுபடி பாருங்க. முதலில் 1.00, பிறகு 0.97 என்றால், 33-ஐ 0.03-ஆல் பெருக்கி 0.97-ஆல் வகுக்கணும். சுமார் 1 ஓம். அளக்கும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுங்க.

ரெண்டாவது, மின்னழுத்தம். 300 ஓம் ஹெட்போன், 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று வையுங்க. 1 வோல்ட்டில் அது உச்சமாக 102 டெசிபல் தரும். பாட்டின் உச்சங்களுக்கு 110 வேணும் என்றால் கிட்டத்தட்ட 2.5 வோல்ட் வேணும். சாதாரண இயர்போனுக்கோ அரை வோல்ட்டே அதிகம். உங்க ஹெட்போன் எது என்று தெரியாமல் "பவர் நிறைய" என்பதற்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை.

மூணாவது, சத்தச் சமன். ரெண்டு டாங்கிளை மாத்தி மாத்திக் கேட்டு "வித்தியாசம் தெரிஞ்சுது" என்பவர்களை நான் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். தெரிந்திருக்கும். ஒன்று இன்னொன்றைவிட 1 டெசிபல் சத்தமாக இருந்தால், மூளை அதைச் "சத்தம் கூட" என்று சொல்லாது. "தெளிவு கூட" என்று சொல்லும். 1 டெசிபல் என்பது வோல்ட்டில் வெறும் 12 சதவீதம். காதால் சமன் செய்ய முடியாது, மீட்டர் வேணும். ரெண்டும் 1 சதவீதத்துக்குள் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்த்த விமர்சனம் எத்தனை படித்திருக்கீங்க?

நாலாவது, டிஜிட்டல் ஃபில்டர். சில டாங்கிள்களில் "மெதுவான சரிவு" ஃபில்டர் வைத்தால் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே சத்தம் குறையத் தொடங்கும். இளம் காதுகளுக்கு இது தெரியலாம். இது சிப்புக்குள் நடப்பதே, ஆனால் சிப்பின் குணம் அல்ல, செட்டிங்.

பேரில்லாத டாங்கிள்

சிப் பேர் போடாமலே விற்கும் டாங்கிள் ஒன்று உண்டு: ஆப்பிளின் யூஎஸ்பி-சி அடாப்டர், அமெரிக்காவில் 9 டாலர். அதன் வெளியீட்டு மின்தடை 1 ஓம் அளவில்தான், மின்னழுத்தம் சுமார் 1 வோல்ட். சாதாரண இயர்போனுக்கு இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கான பதிப்பு அரை வோல்ட்தான் தரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால், போன் அதன் உள்வால்யூமை முழுசா ஏற்றாததால் சத்தம் பாதியில் நிற்கும். இந்த ரெண்டு விஷயமும் வாங்குபவருக்கு உயிர்நாடி. ரெண்டுக்கும் சிப் பேரோடு சம்பந்தமே இல்லை.

போன் பக்கமும் இப்படித்தான். ஆண்ட்ராய்டு தன் கலவைக்குள் பாட்டை இழுத்து, பல போன்களில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்பும். ஆண்ட்ராய்டு 14-ல் எண்களை மாற்றாமல் அனுப்பும் வழி வந்தது, ஆனால் செயலியும் அதைப் பயன்படுத்தணும். 384 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் இருக்கும். உள்ளே போவது 48.

காலாவதியான முத்திரை

சிப்பில் பொதிந்த வசதிக்குக் காசு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எம்கியூஏ பாடம். ஒரு காலத்தில் அந்த முத்திரை இருந்தால் டாங்கிள் விலை ஏறும். ஈஎஸ்9281 புரோவில் அதற்கான பகுதி சிப்புக்குள்ளேயே இருந்தது. 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் நொடித்து நிர்வாகத்துக்குப் போனது, பிறகு அதன் சொத்தை லென்புரூக் வாங்கியது. அதை முக்கியமாக வழங்கிவந்த டைடல் 2024-ல் ஃபிளாக்குக்கு மாறிவிட்டது. டாங்கிள் இன்னும் ஓடும். முத்திரைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஏரிக்கரையில் எது சீக்கிரம் கெடும்?

சென்னையிலும் வெளிநாட்டிலும் எழுதப்படும் விமர்சனங்களில் வராத ஒரு தலைப்பு இது. பழவேற்காடு ஏரி நாட்டில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. இங்கே காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. யூஎஸ்பி-சி முனையில் ஊசி ஊசியாக நெருக்கமான தொடர்புகள், அதில் 5 வோல்ட் ஓடுகிறது. உப்பு ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். முலாம் மெல்லியதாக இருந்தால் முனை கறுக்கும், தொட்டால் விட்டு விட்டுக் கேட்கும். 130 டெசிபல் சிப் உள்ளே நன்றாகத்தான் இருக்கும். சத்தம் வெளியே வராது.

அதனால் இந்தப் பக்கத்தில் வாங்குகிறவர்களுக்குக் கேபிளைக் கழற்றி மாற்றும் வசதி, சிப்பைவிட முக்கியம். முனை போனால் கேபிளோடு போகும், டாங்கிள் பிழைக்கும். வேலை முடிந்ததும் போனிலேயே தொங்கவிடாமல், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்க.

இன்னொன்று சிக்னல். ஏரியோரம் டவரிலிருந்து தள்ளிப் போகப் போக போன் பலமாக ஒலிபரப்பும். 2ஜிக்கு இறங்கிவிட்டால், நொடிக்கு 217 முறை துடிக்கும் அந்த அலையைக் கவசமில்லாத கேபிள் பிடித்து "டர்ர்" என்று காதுக்குள் கொட்டும். இதைத் தடுப்பது கேபிளின் கவசமும் பலகை வடிவமைப்பும். எந்தத் தரவுத்தாளின் முதல் பக்கத்திலும் இது இருக்காது.

கடைசியில் பாட்டு

எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு காந்த நாடாவில் பதிவானது. நல்ல நாடாவின் ரேஞ்சே சுமார் 70 டெசிபல். அதன் கேசட் பிரதியிலிருந்து யாரோ ஏற்றிய கோப்பு என்றால் 50, 55. அதை 130 டெசிபல் சிப்பில் ஓட்டினால், நாடாவின் "ஸ்" சத்தம் மிகத் துல்லியமாகக் கேட்கும். இளையராஜா பாட்டுக்கு நல்ல சிடியிலிருந்து எடுத்த பிரதிக்கும், பின்னாளில் சத்தத்தை உயர்த்தி நசுக்கி வெளியிட்ட பிரதிக்கும் உள்ள வித்தியாசம், எந்த ரெண்டு சிப்புக்கும் இடையே உள்ளதைவிடப் பல மடங்கு பெரியது. அது யாருக்கும் கேட்கும், கண்ணைக் கட்டினாலும் கேட்கும். நாலாயிரம் ரூபாய்க்கு முன்னால் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் அது.

ஆக, அந்தப் பசங்களுக்கு என் பதில்: சிப் எண்ணை விடுங்க. வெளியீட்டு மின்தடை 1 ஓம் பக்கம் இருக்கா? உங்க ஹெட்போனுக்குத் தேவையான வோல்ட் வருதா? இரைச்சல் அளவு 110 டெசிபலைத் தாண்டுதா? கேபிள் கழலுமா? உங்க போனில் முழு வால்யூம் கிடைக்குதா? திருப்பிக் கொடுக்க நாள் இருக்கா? இந்த ஆறுக்கும் "ஆமா" என்று பதில் வரும் டாங்கிள்களில் விலை குறைந்ததை வாங்குங்க. மிச்சக் காசில் நல்ல இயர்போன் வாங்கலாம். சத்தத்தின் குணத்தை நிஜமாகவே மாற்றுவது அதுதான்.